வராத மழைக்குக் கொளுத்திய ஓலை

ஜெர்மனியில் பாலைவனம் இருக்கிறது என்று சொன்னால் பான் நகரத்துத் தமிழர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். லைப்சிக்கில் இருந்து காரில் இரண்டு மணித்தியாலம் ஓடி வந்து பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். பைன் மரக்காட்டுக்கு நடுவில், கண் எட்டும் தூரத்துக்கு வெறும் மணல். சோவியத் படை டாங்கி ஓட்டி, குண்டு போட்டுப் பழகிய நிலம். படை போய்விட்டது, வெடிக்காத குண்டுகளை மட்டும் மண்ணுக்குள் மறந்து வைத்துவிட்டுப் போனது. ஊர்க்காரர் அந்த மணலை ‘வூஸ்ட’ என்பார்கள். அவர்கள் பாஷையில் பாலைவனம் என்றுதான் அர்த்தம். அதன் ஓரத்தில் உள்ள சின்ன ஊர் ஒன்றில் ஜசிந்தா முப்பது வருடங்களுக்கு மேலாகக் குடியிருக்கிறாள்.

அவளாகத் தேடி வந்த இடமில்லை. அவளும் கணவர் பென்ஜமினும் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி அகதி விண்ணப்பம் கொடுத்தபோது, அதிகாரிகள் கைகாட்டிய இடம். படை விட்டுப்போன பழைய பாசறை ஒன்றை அகதி முகாம் ஆக்கியிருந்தார்கள். கூட இருந்த தமிழர்கள் எல்லோரும் விசா கையில் கிடைத்த மறுநாளே பெர்லினுக்கும் மேற்குப் பக்கத்துக்கும் ஓடிவிட்டார்கள். இவர்கள் இரண்டு பேரும் மட்டும் தங்கிவிட்டார்கள். பென்ஜமினுக்கு மர ஆலையில் வேலை கிடைத்ததும், அவளுக்கு முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் இடம் கிடைத்ததும் ஒரு காரணம். கலியாண வீடுகளில் சொந்தக்காரர் யாராவது அந்தப் பாலைவனத்தில் என்னத்தைக் கண்டு கிடக்கிறீர்கள் என்று நக்கலடித்தால் பென்ஜமின் வேலையைச் சொல்வார். ஜசிந்தா மழையைச் சொல்லுவாள்.

சும்மா சொல்லவில்லை, அவளுக்கு மழைப் பைத்தியம்தான். அந்த நாட்டு மழை பெரும்பாலும் அழுமூஞ்சிப் பிள்ளை போல நாள் முழுக்கச் சிணுங்கும். அதை அவள் மழை என்று கணக்கெடுப்பதே இல்லை. அவள் காத்திருப்பது கோடைப் புயலுக்கு. மே மாதத்தில் இருந்து வானம் வெளுத்துக் கிடக்கும். கிணறு வற்றும், புல் காயும், காட்டுக்குள் போக வேண்டாம் என்று பலகை வைப்பார்கள். மேகம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஆற்றுப் பக்கம் திரும்பிப் போகும். பிறகு ஒரு நாள் பின்னேரம் தெற்கே கறுத்து, காற்று அப்படியே செத்துப் போய், மணல் எழும்பும். மணல்வெளியின் விளிம்பில் நின்றால் மழை நடந்து வருவது கண்ணுக்குத் தெரியும். ஜசிந்தா சைக்கிளை உழக்கிக்கொண்டு போய் அங்கே நிற்பாள். தலையில் இருந்து சப்பாத்து வரைக்கும் தெப்பமாக நனைந்து, சிரித்துக்கொண்டு திரும்பி வருவாள்.

அனுபவிப்பது பாதி என்றால் தாங்குவது மீதிப் பாதி. ஆலங்கட்டி விழுந்து தக்காளிச் செடி எல்லாம் சட்னியாகும். ஓடு பறக்கும், கரண்ட் போகும், மூடி வைத்த சோற்றுப் பானைக்குள்ளும் மணல் கரகரக்கும். ஒருமுறை காற்று பிடுங்கிக்கொண்டு போன வேலி பக்கத்து வீட்டு நோவாக் அம்மாவின் ரோசாச் செடியை நசுக்கிவிட்டது. நோவாக் அம்மா தனிக்கட்டை. வாய் கொஞ்சம் நீளம், ஆனால் மனம் மோசமில்லை. இருட்டிக்கொண்டு வந்தால் அவள்தான் முதலில் வேலிக்கு மேலால் கூப்பிட்டு, திருமதி பென்ஜமின், உங்கள் மழை வருகிறது என்று சொல்லுவாள். உங்கள் மழை! அந்த ஒரு சொல்லுக்காகவே ஜசிந்தா அவளுக்கு வருடா வருடம் பாலன் பிறப்புக்கு நத்தார்ப் பலகாரம் சுட்டுக் கொடுத்தாள்.

இனி பென்ஜமினைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. நல்ல மனுசன். குடி இல்லை, கை நீட்டும் பழக்கம் இல்லை. ஒரே ஒரு வியாதி: மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி இருந்தால் இந்தப் பக்கம் இவருடைய தலை தானாக ஆடும். அகதி விசாரணையில் முதல் முறை கேட்டபோது ஒரு கேள்விக்கு இல்லை என்று சொன்னார். உண்மையைத்தான் சொன்னார். அது முன்னுக்குப் பின் முரண் என்று ஆகி, விண்ணப்பம் தள்ளுபடியாகிவிட்டது. அதற்குப் பிறகு முகாமில் அவருக்குக் கிடைத்த புத்தி இதுதான்: ஒரே கேள்வியை மூன்றாம் தரம் கேட்டால் பதிலை அவர்கள் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள் என்று அர்த்தம், ஒத்துக்கொண்டு போ. அடுத்த விசாரணையில் ஒத்துக்கொண்டு போனார். விசா கிடைத்தது. அன்றைக்குப் பிடித்தது எலும்பில் ஊறிவிட்டது.

அந்த வியாதியால் வீடு பட்ட பாடு கொஞ்சமில்லை. காற்று சாய்த்த வேலிக்கு, சரியாக நடவில்லையோ என்று நகரசபை ஆள் கேட்க, ஓம், என் பிழைதான் என்றார். அது போகட்டும். மகள் அன்ரனிற்றா நாலாம் வகுப்பில், இனி எந்தப் பள்ளிக்கூடம் என்று பிள்ளைகளைப் பிரிக்கிற நேரத்தில், பிள்ளை படிப்பில் கொஞ்சம் மந்தமோ என்று ரீச்சர் கேட்டாள். இவர் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தார். கணக்கில் முதலாவதாக வந்த பிள்ளை! பல்கலைக்கழகம் வரை கொண்டுபோகிற பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்க வேண்டியவள், சுற்றி வளைத்துப் படித்து, இன்றைக்கு லைப்சிக்கில் தாதியாக வேலை செய்கிறாள். ஜசிந்தா அப்போது ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை. பிறகு, பயந்த மனுசன், என்ன செய்வது என்று விழுங்கிவிட்டாள். கலியாணம் என்றால் விழுங்குவதுதானே பாதி.

இடி இடித்தால் குருத்தோலை கொளுத்துவது ஜசிந்தாவின் வழக்கம். கத்தோலிக்க வீடுகளில் எல்லாம் நடப்பதுதான். குருத்தோலை ஞாயிறு அன்று கோயிலில் மந்திரித்துத் தரும் ஓலையை மாதா சுருவத்துக்குப் பின்னால் செருகி வைத்து, பெருத்த இடி வந்தால் ஒரு துண்டு கிள்ளி எரித்து, அந்தப் புகை வீட்டைச் சுற்றும்படி பிடிப்பார்கள். பெர்லினில் தமிழ்ப் பூசைக்குப் போகும்போது அவள் ஓலை வாங்கி வந்துவிடுவாள். முதலில் வீட்டுக்குள்தான் எரித்தாள். பிறகு அறைக்கு அறை புகை கண்டால் கத்தும் கருவி பூட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. ஒரு முறை அது வீரிட்டுக் கத்தி, வாடகை வீட்டுச் சொந்தக்காரன் ஓடி வந்து அமர்க்களப்படுத்திவிட்டான். அன்றில் இருந்து பின்கதவுப் படியில் பொரிக்கிற பழைய தாச்சி ஒன்றை வைத்து அதற்குள் எரிப்பாள், எரிந்து முடிந்ததும் ஒரு பேணி தண்ணீர் ஊற்றுவாள். மணல் ஊரில் நெருப்பைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அந்த வருடக் கோடை பொல்லாத கோடை. ஜூலை பிறந்தும் ஒரு சொட்டு விழவில்லை. காட்டுத்தீ எச்சரிக்கை உச்சத்தில் நின்றது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் தெற்கே கறுத்தது. நோவாக் அம்மா வேலிக்கு மேலால் கூப்பிட்டாள். ஜசிந்தா கூரைத் தண்ணீர் வழியும் பீலிக்குக் கீழே வாளிகளை அடுக்கினாள், கொடியில் கிடந்த உடுப்புகளை வேண்டுமென்றே எடுக்காமல் விட்டாள், நனைந்த வாசத்தோடு காயட்டும் என்று. வானம் பிளந்தது போல இடி. அவள் ஓலைத் துண்டோடு படிக்கு வந்து, யேசு மரி சூசை என்று சொல்லிக் கொளுத்தினாள். ஓலை எரிந்து முடிந்தது. பேணித் தண்ணீரைத் தாச்சிக்குள் ஊற்றினாள். சீ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பிறகு கதிரையை முற்றத்தில் போட்டு முகத்தை மேலே தூக்கிக்கொண்டு இருந்தாள்.

மழை வரவில்லை. இடி வந்தது, மின்னல் வந்தது, மூஞ்சியில் அறைகிற மாதிரி மணல் காற்று வந்தது. ஒரு துளி விழவில்லை. மேகம் அப்படியே தலைக்கு மேலால் கடந்து போனது. வெறுத்துப்போய் அவள் கதிரையை மடக்கிய நேரம் காட்டுக்குள் இருந்து புகை எழும்பியது.

ஊரையே கிளப்பி விளையாட்டு மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். தீயணைப்புப் படை காட்டுக்குள் கால் வைக்க ஏலாது, மண்ணுக்குள் குண்டு. நெருப்புச் சூட்டுக்கு அவை ஒவ்வொன்றாக வெடிக்கத் தொடங்கின. மண்டபத்து யன்னல்கள் அதிர்ந்தன. ஜெர்மன்காரர் ஒவ்வொரு வெடிக்கும் திடுக்கிட்டார்கள். சண்டை நடந்த நாட்டில் வளர்ந்த ஜசிந்தாவுக்கு ஷெல் சத்தம் என்ன புதிதா? அவள் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நின்றாள். பென்ஜமின் மட்டும் சுவரோடு ஒட்டி, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தார். பாவம் என்று நினைத்து அவருக்கும் ஒரு கோப்பை கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அவள் கோப்பை கழுவிக்கொண்டு நின்ற நேரத்தில்தான் அது நடந்தது. யாரோ கேட்டிருக்கிறார்கள், தீ எப்படிப் பிடித்தது என்று. நோவாக் அம்மா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாமல், பக்கத்து வீட்டுக்காரி முற்றத்தில் எதையோ கொளுத்தியதைக் கண்டேன் என்றிருக்கிறாள். வேண்டுமென்று மாட்டிவிடச் சொன்னதாகத் தெரியவில்லை, கண்டதைச் சொன்னாள். ஆனால் பொலிஸ்காரன் புத்தகத்தைத் திறந்துவிட்டான். ஜசிந்தா கைத்துணியோடு வெளியே வந்தபோது, ஒரு சின்ன மேசைக்கு அந்தப் பக்கம் அவன் இருந்தான். இந்தப் பக்கம் பென்ஜமின் இருந்தார். தலை ஆடிக்கொண்டிருந்தது.

அவள் முறை வந்தபோது பொலிஸ்காரன் மரியாதையாகத்தான் கேட்டான். நெருப்பை அணைக்காமல் விட்டீர்களா? இல்லை, தண்ணீர் ஊற்றினேன் என்றாள். காற்றில் பொறி பறந்திருக்குமா? இல்லை, ஊற்றின பிறகுதான் காற்றே வந்தது என்றாள். அவன் புத்தகத்தில் ஒரு தாளைத் திருப்பிவிட்டு, உங்கள் கணவர் வேறு மாதிரிச் சொல்கிறாரே என்றான். ஓலை அணையாமல் இருந்தது என்றும், மனைவி கவனிக்கவில்லை என்றும், அவள் வேண்டுமென்று செய்யவில்லை, தயவு செய்து மன்னிக்க வேண்டும் என்றும் பென்ஜமின் சொல்லியிருந்தார். மண்டபத்தில் இருந்த பாதிப் பேருக்குக் காது நீளம். அடுத்த நாள் காலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்ப விட்டதும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டாள். முதலே ஒத்துக்கொண்டால் தண்டனை குறையும் என்றார். அவள் தான் செய்யவில்லை என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார். சரி, மனுசன் உண்மையாகவே நான் செய்ததாக நம்புகிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். மகளின் பழைய அறைக்குள் பாயைப் போட்டுப் படுத்தாள்.

தீ ஒரு கிழமைக்கு மேல் எரிந்தது. வீடு எதுவும் போகவில்லை, காடுதான் போனது. ஆனால் காடு அந்த ஊரின் உயிர். காளான் பிடுங்குகிற காடு, கிழவர்கள் நாயோடு உலாவுகிற காடு. முதியோர் இல்லத்தில் அவளைக் கண்டதும் கதை நின்றது. பேக்கரியில் மீதிக் காசை அவள் கையில் வைக்காமல் மேசையில் வைத்தார்கள். ஒரு நாள் கடிதப் பெட்டியைத் திறந்தபோது யாரோ ஒரு பிடி கரியை உள்ளே போட்டிருந்தார்கள். கறுப்பு அவளுடைய கையெல்லாம் அப்பிக்கொண்டது. லைப்சிக்கில் இருந்து அன்ரனிற்றா போன் எடுத்தாள். சுகம் விசாரித்தாள், சாப்பாடு விசாரித்தாள், கடைசியாகக் கேட்டாள்: “அம்மா, கோவிக்காதேங்கோ. வடிவா அணைச்சனீங்களோ?” பெற்ற பிள்ளையும் கேட்டுவிட்டது. ஜசிந்தா போனை வைத்துவிட்டு ஒரு மூச்சு அழுதாள்.

இலை உதிர்கிற காலத்தில் வனத்துறைக்காரன் ஒருவன் வீட்டுக்கு வந்து விபரம் சொன்னான். அன்றைக்கு மணல்வெளிக்கு அப்பால் மின்னல் இறங்கியது கருவியில் பதிவாகியிருக்கிறதாம். பெரும்பாலும் அதுதான் காரணமாம். ஆனால் குண்டு கிடக்கிற நிலத்துக்குள் போய் எந்த மரத்தில் விழுந்தது என்று பார்க்க முடியாது. ஆதாரம் போதாது என்று வழக்கை மூடிவிட்டார்களாம். குற்றவாளி இல்லை என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று ஜசிந்தா கேட்டாள். அப்படி எழுதுவதில்லை, மூடுவது மட்டும்தான் என்றான்.

மூடுவதால் யாருக்கு என்ன லாபம்? இரண்டு நாள் கழித்து நோவாக் அம்மா பிளம்ஸ் கேக்கோடு வந்தாள். கால நிலையைக் கதைத்தாள், முழங்கால் வலியைக் கதைத்தாள். எழும்பிப் போகும்போது வாசலில் நின்று, மின்னலாகவே இருக்கட்டும், ஆனால் உங்கள் கணவரே சொன்னாரே, ஒரு மனிதன் தன் மனைவியைப் பற்றிச் சும்மாவா சொல்லுவான் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, இரக்கத்தோடு சொன்னாள். ஊர் முழுக்க அந்த ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கிறது என்று ஜசிந்தாவுக்கு அப்போது விளங்கியது. அவளுடைய பேரைத் துடைத்துக் கொடுக்க மின்னலால் முடியாது, பென்ஜமினால் மட்டும்தான் முடியும்.

கேக்கை அவள் தொடவில்லை. பென்ஜமின்தான் தின்று முடித்தார்.

அடுத்த வருடக் கோடையில் மழை வந்தது. ஒழுங்கான மழை, அவள் வருடக் கணக்காகக் காத்துக் கிடந்து அனுபவிக்கிற அதே மழை. தெற்கே கறுத்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் நோவாக் அம்மா உடுப்பு எடுத்துக்கொண்டு நின்றாள். இந்தப் பக்கம் பார்த்தாள், கூப்பிடவில்லை. ஜசிந்தா வாளி அடுக்கவில்லை, சைக்கிளை எடுக்கவில்லை, கதிரை போடவில்லை. குசினியில் மேசைக்கு முன்னால் இருந்தாள். கூரையில் மழை கொட்டத் தொடங்கியது. பீலி நிரம்பி வழிந்தது. பென்ஜமின் சுருவத்துக்குப் பின்னால் இருந்து ஓலையை எடுத்துக்கொண்டு வந்து, கொளுத்தவா வேண்டாமா என்று கேட்கிற மாதிரி அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு வருடமாகப் பாவமன்னிப்புக்கு நிற்பவர் மாதிரித்தான் வீட்டுக்குள் நடமாடினார்.

அவளுக்கும் களைத்துவிட்டது. கோபத்தைக் கட்டி மேய்ப்பது இலேசான வேலையா? ஒரு சொல் கிடைத்தால் போதும், இறக்கி வைத்துவிடலாம் என்று இருந்தது.

“இஞ்சேருங்கோ, ஒண்டு கேக்கிறன்,” என்றாள். “நான் அணைக்கேல்ல எண்டு நம்பித்தானே அண்டைக்கு அப்பிடிச் சொன்னீங்கள்? ஓம் எண்டு சொல்லுங்கோ. இதோட விட்டிடுறன்.”

ஊரில் உள்ள அதிகாரிக்கெல்லாம் ஓம் சொன்ன மனுசன், ஓம் வேண்டும் என்று அவள் கேட்ட இடத்தில் சொல்லவில்லை. ஓலையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு நின்றார்.

“இல்லை ஜசி,” என்றார். “உனக்குப் பொய் சொல்ல ஏலாது. நீ தாச்சிக்குள்ள தண்ணி ஊத்தினதைக் கண்டனான். இந்த யன்னலாலதான் பாத்துக்கொண்டு நிண்டனான்.”

“கண்டனீங்கள்.”

“ஓம்.”

“அப்ப ஏன்?”

“அவன் மூண்டு தரம் கேட்டவன்.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டு இருந்தாள். வெளியே அப்படி ஒரு மழை. நம்பிச் சொன்னார் என்று நினைத்து, அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஒரு வருடம் சமைத்துப் போட்டாள், உடுப்புத் தோய்த்துப் போட்டாள். இப்போது அதுவும் இல்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“எழும்புங்கோ,” என்றாள், அவர் நின்றுகொண்டிருக்கிறார் என்பதுகூட நினைவில்லாமல். “நோவாக் அம்மாவிட்டப் போங்கோ. கண்டனான், அவள் அணைச்சவள், நான் பொய் சொன்னனான் எண்டு சொல்லுங்கோ. பொலிசுக்கு வேண்டாம். அவவுக்கு மட்டும் சொல்லுங்கோ, காணும். ஊருக்கு அவ சொல்லுவா.”

“ஓம்,” என்றார் பென்ஜமின். “மழை விடட்டும்.”

ஓலையை மேசையில் வைத்துவிட்டு அவளுக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். இடி தூரப் போனது. பீலிச் சத்தம் குறைந்து, சொட்டுச் சொட்டாகி, நின்றது. பின்கதவால் ஈர மணலின் வாசம் வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நோவாக் அம்மா கதவைத் திறந்து, படியில் தேங்கிய தண்ணீரைத் தும்புத்தடியால் தள்ளுகிற சத்தம் கேட்டது.

“மழை விட்டிட்டுது,” என்றாள் ஜசிந்தா.

“ஓம்,” என்றார் அவர். எழும்பவில்லை.